பழைய மோட்டார் படகு: ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன்

கொங்கு நாட்டில் கடல் கிடையாது. ஆனாலும் கொச்சி, ஆலப்புழைப் பக்கம் ஓடி ஓய்ந்த 14 அடி, 16 அடி ஃபைபர் படகுகள் வாளையார் தாண்டி வந்து, கோவை லேத் பட்டறை ஓரங்களில் தார்ப்பாய்க்குள் நிற்கின்றன. பெயிண்ட், சீட், ஸ்டியரிங் எல்லாம் மாறும். கெடுவது வேறு இடத்தில். புதுப்பிக்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்புகள் இவை.

துளை போட்டு சிலிக்கான் அப்புவது

மோட்டார் தொங்கும் பின்பலகைக்கு ட்ரான்சம் என்று பேர். வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். 40 குதிரைத்திறன் மோட்டார் எழுபது கிலோ அளவில் இருக்கும். அந்த எடையும் படகைத் தள்ளும் விசையும் இந்தப் பலகை மேல்தான்.

வாங்கியவர் முதல் வேலையாக ஏணிக்கு நாலு துளை, ஆழமானிக்கு ரெண்டு துளை போடுகிறார். திருகை முறுக்கி, பாத்ரூம் டைல்ஸுக்கு வாங்கி மிச்சமான சிலிக்கானை ஒரு கோடு இழுத்துவிடுகிறார். எத்தனை பேருக்குச் சொன்னாலும் இதேதான்! அதிர்வில் சிலிக்கான் விளிம்பு விட்டுவிடும். உள்ளே இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. பிளைவுட் அப்படியே மக்கும். வெளியே புதுப் பெயிண்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்.

ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்க. கணீரென்று கேட்டால் சரி, 'தொப்' என்றால் சந்தேகம். மோட்டாரைச் சாய்த்துத் தூக்கி, அதன் அடியைப் பிடித்து அமுக்கினால் பலகை அசையக் கூடாது. இன்னும் சந்தேகமா? உள்பக்கம் 4 மி.மீ துளை போட்டுத் தூளைப் பாருங்க. பில்டரில் மிஞ்சின காப்பித்தூள் மாதிரி ஈரமாய்க் கறுத்து வந்தால், உள்பக்க ஃபைபர் தோலை அறுத்து, மக்கியதைச் செதுக்கி, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 18 மி.மீயில் இரண்டை எப்பாக்சிப் பசையில் ஒட்டி ஏற்ற வேண்டியதுதான். பழைய கனத்தை அளந்துகொண்டு செய்யுங்க.

ஏணிக்கோ ஆழமானிக்கோ துளை போட்டே ஆக வேண்டுமென்றால், 8 மி.மீ போல்ட்டுக்கு 12 மி.மீ துளை போடுங்க. மறுபக்கம் டேப் ஒட்டுங்க. நீர்த்த எப்பாக்சியை மரம் குடிக்கும் வரை தடவி, பிறகு பவுடர் கலந்து கெட்டியாக்கியதால் நிரப்புங்க. ஒரு நாள் இறுகியபின் நடுவில் 8 மி.மீ துளை, போல்ட்டுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட். அந்த ஒரு நாள் காத்திருக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

"சத்தம் மட்டும் கேட்டுக்கலாம்"

கிணற்று மோட்டாரைத் தண்ணியில்லாமல் ஓட விடாதவரே படகு மோட்டாரை ஷெட்டில் வெறுமனே ஸ்டார்ட் செய்கிறார். உள்ளே இருப்பது ரப்பர் இம்பெல்லர், அதாவது என்ஜினை ஆற்றத் தண்ணீரை இறைக்கும் இதழ்ச் சக்கரம். தண்ணீர்தான் அதற்கு மசகு. கொஞ்ச நேரத்திலேயே இதழ் கருகும், பிய்ந்த துண்டு கூலிங் பாதையை அடைக்கும். தண்ணீர் உறிஞ்சும் துவாரம் மூழ்குமளவு ட்ரம்மில் நிறுத்தி ஓட்டுங்க.

பங்க் 2டி ஆயில்

பெட்ரோல் பங்கில் விற்கும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் காற்றில் ஆறும் பைக் என்ஜினுக்கு. டூ-ஸ்ட்ரோக் படகு மோட்டாருக்கு டி.சி.டபிள்யூ-3 என்று போட்ட ஆயில். கலவை 50:1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மி.லி.

போர் தண்ணீரில் அலசுவது

காயலில் ஓட்டி வந்தால் உப்பை அலசத்தான் வேண்டும். ஆனால் நம்ம ஊர் போர் தண்ணீர் கொதிகெண்டியில் விடும் வெள்ளைப் படிவு மோட்டாருக்குள்ளும் படியும். சிறுவாணியோ மழைநீரோ நல்லது. கிடைக்காவிட்டால் போர் தண்ணீரே ஆகட்டும். அலசாமல் விடுவது அதைவிட மோசம்.

வீட்டு ஒயர்

வேண்டாம். வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு.

சூட்டோடு இறக்குவது

படகை ஏற்றிக் கொச்சி வரை ஓடின ட்ரெய்லரின் ஹப் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) கொதிக்கும். வந்த வேகத்தில் தண்ணீரில் இறக்கினால், சட்டென ஆறி, சீல் வழியே உப்புத் தண்ணீரை உறிஞ்சும். பேரிங் துருப்பிடித்துக் கத்த ஆரம்பிக்கும். ஹப்பைக் கையால் தொட முடிகிற வரை ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.