கிராண்ட் டீட்டனுக்கு ஆர்.வி. பயணம்: முதலில் இடம், அப்புறம்தான் வண்டி

அமெரிக்காவில் வாயமிங் மாநிலத்தின் டீட்டன் மலைகளையும் ஸ்நேக் ஆற்றையும் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆர்.வி.யைத்தான், அதாவது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியைத்தான், முதலில் புக் செய்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் வண்டியை எப்படியும் பிடித்துவிடலாம், இரவு நிறுத்த இடம்தான் கிடைக்காது. எத்தனை அடி வண்டி எடுக்கலாம் என்பதும் அந்த இடத்தைப் பொறுத்ததே.

1. இடம்

கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகளை (வண்டி நிறுத்தியோ கூடாரம் அடித்தோ தங்கும் இடங்களை) ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதம் முன்பிருந்து புக் செய்யலாம். ஜூலை 15 இரவு வேண்டுமானால் ஜனவரி 15 காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு கோல்டர் பே ஆர்.வி. பார்க்கைத்தான் சொல்வேன். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் நிறுத்துமிடத்திலேயே இணைப்பு உண்டு. ஃபுல் ஹுக்கப் என்பது இதுதான். ஜாக்சன் ஏரிக்கு நடந்தே போகலாம். சிக்னல் மவுண்டன் கேம்ப்கிரவுண்ட் அதைவிட அழகு, ஆனால் 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியில்லை. ஜென்னி லேக் கூடாரங்களுக்கு மட்டும். வடக்கே யெல்லோஸ்டோனையும் சேர்த்துக்கொள்வதானால் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க் இருக்கிறது. அது கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் என்பதால் துணிச்சுவர் வைத்த பாப்-அப் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள்.

2. வண்டி

நான்கு பேருக்கு 25 அடி கிளாஸ் சி (ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை) போதும். 30 அடி எடுத்தால் உள்ளே ஒரு கட்டில் கூடும், வெளியே பல இடங்கள் கைவிட்டுப் போகும். சாதாரண கார் லைசென்ஸே போதும். பெட்ரோல் ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும் என்று கணக்குப் போடுங்கள். வாடகையில் மைலுக்கும் ஜெனரேட்டர் ஓடும் மணிக்கும் தனிக்கட்டணம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. வழி: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்

சால்ட் லேக் சிட்டியில் வண்டி எடுத்து ஐடஹோ ஃபால்ஸ் வழியாக வந்தால், ஸ்வான் வேலியில் போனிலுள்ள மேப் உங்களை இடப்பக்கம் திருப்பிவிட்டு, விக்டர் ஊர் வழியாக டீட்டன் பாஸ் மேல் ஏற்றிவிடக்கூடும். அது காருக்கான குறுக்குவழி. 8,431 அடி உயரம், 10 சதவீதச் சரிவு. பழக்கமில்லாதவர் கையில் ஆர்.வி. அந்த இறக்கத்தில் போனால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

ஸ்வான் வேலியில் திரும்பாமல் யு.எஸ். 26-லேயே நேராகப் போங்கள். பாலிசேட்ஸ் நீர்த்தேக்கத்தின் ஓரமாக ஆல்பைன் வரும். அங்கிருந்து ஸ்நேக் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்து ஹோபாக் ஜங்ஷன், பிறகு வடக்கே ஜாக்சன். தூரம் கூடுதல்தான், ஆனால் வழியெல்லாம் ஆறு கூடவே வரும். மேப்பில் ஆல்பைனை இடைநிறுத்தமாகப் போட்டுவிட்டால் அது வேறு வழி காட்டாது.

பூங்காவுக்குள்ளும் இரண்டு சாலைகளுக்கு ஆர்.வி.யைக் கொண்டுபோகக் கூடாது: மூஸ்-வில்சன் சாலை, சிக்னல் மவுண்டன் உச்சிக்கு ஏறும் சாலை.

எந்த மலையில் இறங்கினாலும் இறக்கம் தொடங்குமுன்பே டோ/ஹால் பொத்தானை அழுத்திவிடுங்கள். இன்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராதீர்கள். அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள்.

4. நிறுத்திய பிறகு

முதலில் மட்டம் பாருங்கள். பிளாஸ்டிக் லெவலிங் பிளாக்குகளைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, முதலில் இடம்-வலம், பிறகு முன்-பின் என்று சரி செய்யுங்கள். வண்டி சாய்ந்து நின்றால் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிராது.

மின்சாரம்: கம்பத்திலுள்ள பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் பிளக் செருக வேண்டும். சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் தடுக்கும் கருவி) இல்லாமல் செருகாதீர்கள். 30 ஆம்ப் இணைப்பில் மொத்தமே 3,600 வாட். ஏ.சி.யும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழும், இண்டக்ஷன் அடுப்பைப் போட்டால் நிச்சயம் விழும். சமையலைக் கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கோல்டர் பே சுமார் 6,800 அடி உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர் கட்டாயம்.

தண்ணீர்: குழாயில் பிரஷர் ரெகுலேட்டர் (தண்ணீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது), அதற்குப் பிறகு குடிநீருக்கான வெள்ளை ஹோஸ். ரெகுலேட்டரை விட்டுவிட்டால் உள்ளே இணைப்பு எங்காவது தெறிக்கும்.

கழிவுநீர் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். வண்டியில் கழிவுநீருக்கு இரண்டு தொட்டிகள்: கழிவறைக்கு பிளாக், சிங்க்கிலும் குளியலிலும் இருந்து வரும் நீருக்கு கிரே. ஃபுல் ஹுக்கப் இருக்கிறதே என்று பிளாக் வால்வைத் திறந்தே வைத்துவிடுவது புதியவர்களுக்கு இயல்பாகத் தோன்றும். அதுதான் பெரிய தப்பு. நீரெல்லாம் உடனே ஓடிவிடும், திடக்கழிவு மட்டும் அடியில் குவிந்து காய்ந்து இறுகிவிடும். அப்புறம் எத்தனை வாளி ஊற்றினாலும் இறங்காது, தொட்டியின் சென்சாரும் எப்போதும் நிரம்பியிருப்பதாகவே காட்டும்.

சரியான முறை இது. பிளாக் வால்வு மூடியே இருக்கட்டும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, கழிவுநீர் ஹோஸின் இரு முனையும் பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள். முதலில் பிளாக், அது முழுக்க ஓடி நின்றதும் மூடிவிட்டு கிரே. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். இதற்காகவே முந்தின நாளிலிருந்து கிரே வால்வையும் மூடி வைத்திருங்கள். கடைசியாகக் கழிவறை வழியே இரண்டு கேலன் தண்ணீரும் கழிவுத்தொட்டிக்கான மருந்தும் விடுங்கள். ஈரத்துடைப்பான் (வெட் வைப்ஸ்) எந்த வகையானாலும் தொட்டிக்குள் போகக் கூடாது.

கழிவுநீர் ஹோஸ் முனையில் மாட்ட, கண்ணாடி போல் உள்ளே தெரியும் எல்போ (வளைந்த இணைப்புக் குழாய்) ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டம் தெளிந்துவிட்டதா என்று அதில் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம்.

5. கரடியும் ஆறும்

சாப்பாடு, கூலர், குப்பை, கழுவாத பாத்திரம் எதுவும் வெளி மேசையில் இருக்கக் கூடாது. எல்லாம் வண்டிக்குள், இல்லையென்றால் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிக்குள். கரடியை விரட்டும் ஸ்ப்ரே (பேர் ஸ்ப்ரே) பையின் அடியில் இருந்தால் பயனில்லை, இடுப்பில் தொங்க வேண்டும். கரடி, ஓநாயிடமிருந்து 100 கெஜம், மற்ற விலங்குகளிடமிருந்து 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி.

ஸ்நேக் ஆறு பனி உருகி வரும் நீர். மே கடைசி, ஜூனில் வெள்ளம் வேகமாகவும் உறையும் குளிராகவும் இருக்கும். குழந்தைகளோடு படகில் போவதானால் ஜூலை பாதிக்குப் பிறகு, அதுவும் பூங்காவுக்குள் ஓடும் அமைதியான பகுதியில் போங்கள். ஆல்பைனுக்கு மேலே உள்ள பள்ளத்தாக்கு ராஃப்டிங்குக்கானது.

பிற்சேர்க்கை

ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் அது பழுதல்ல. உயரத்தில் காற்று மெலிவதால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3.5 சதவீதத் திறன் குறையும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏ.சி.யை மட்டும் போட்டுப் பாருங்கள். யெல்லோஸ்டோனில் ஜெனரேட்டருக்கு அனுமதியுள்ள கேம்ப்கிரவுண்டிலும் காலை 8 முதல் இரவு 8 வரைதான்.

செப்டம்பரில் போகிறவர்களுக்கு: இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். படுக்குமுன் தண்ணீர் ஹோஸைக் கழற்றி, வடித்து, சுருட்டி வையுங்கள். அதற்கு முன்பே வண்டியின் நல்லதண்ணீர்த் தொட்டியைப் பாதி நிரப்பிக்கொண்டால் காலைக் காபிக்கு வண்டியின் பம்பிலேயே தண்ணீர் வரும்.