பையூரெட் சோதனை செய்வது எப்படி? நீலம் வேறு, ஊதா வேறு

புரதத்தைக் கண்டுபிடிக்க நிறச் சோதனைகள் நிறைய இருக்கின்றன. முதல்முறை செய்பவர்கள் பையூரெட்டில் தொடங்குங்கள். சூடாக்கும் வேலை இல்லை, அடர் நைட்ரிக் அமிலத்தைத் தொட வேண்டியதில்லை, ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும்.

தேவையானவை: ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு சோதனைக்குழாய், ஒரு சொட்டுக்குழாய், 10% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், 1% காப்பர் சல்பேட் கரைசல் (மயில்துத்தம்தான், 100 மி.லி. தண்ணீரில் 1 கிராம்). சோடியம் ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும். கையில் பட்டால் சோப்பு மாதிரி வழவழக்கும், உடனே நிறைய தண்ணீரில் கழுவுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

1. வெள்ளைக்கருவைப் பத்து மடங்கு தண்ணீரில் நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். வெறும் தண்ணீர் என்றால் வெள்ளையாகக் கலங்கும், ஏனென்றால் வெள்ளைக்கருவிலுள்ள குளோபுலின் என்ற புரதம் கரைவதற்குக் கொஞ்சம் உப்பு வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு போட்டு மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

2. முதல் குழாயில் இந்தக் கரைசல் 2 மி.லி., இரண்டாவதில் வெறும் தண்ணீர் 2 மி.லி. இந்தத் தண்ணீர்க் குழாயை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், ஒப்பிட அது இல்லையென்றால் வந்தது நீலமா ஊதாவா என்று சொல்லவே முடியாது.

3. இரண்டிலும் சோடியம் ஹைட்ராக்சைடு 2 மி.லி. விட்டுக் குலுக்குங்கள்.

4. இப்போது காப்பர் சல்பேட். ஒரு சொட்டு, குலுக்கல், அப்புறம் அடுத்த சொட்டு. இரண்டு மூன்று சொட்டு போதும். முட்டைக் குழாயில் சொட்டு விழுந்த இடத்தில் ஊதா சுருள்சுருளாக இறங்கி, குலுக்கியதும் முழுக்கப் பரவும், புரதம் இருப்பதற்கு இந்த ஊதாதான் அடையாளம். தண்ணீர்க் குழாயில் வெளிர் நீலத் திப்பிகள் மிதக்கும், அது காப்பர் ஹைட்ராக்சைடு. நிறம் நன்றாக வரட்டும் என்று பத்துப் பதினைந்து சொட்டு ஊற்றினால் காப்பரின் நீலமே ஊதாவை மூடிவிடும், பலருக்குச் சோதனை சொதப்புவது இங்கேதான்.

காரச் சூழலில், புரதத்தில் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெப்டைடு பிணைப்பிலுள்ள நைட்ரஜன்கள் காப்பர் அயனியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால்தான் ஊதா வருகிறது. குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்பாவது வேண்டும், அதனால் கிளைசின் மாதிரி தனி அமினோ அமிலத்தில் ஊதா வராது. அதற்கு நின்ஹைட்ரின் என்ற வேறொரு நிறச் சோதனை இருக்கிறது. ஜெலட்டினை வைத்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்: பையூரெட்டில் ஊதா நன்றாக வரும், ஆனால் நைட்ரிக் அமிலம் சேர்க்கும் சாந்தோபுரோட்டிக் சோதனையில் மஞ்சள் மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் அந்த மஞ்சளைத் தரும் அமினோ அமிலங்களில் டிரிப்டோஃபேன் ஜெலட்டினில் இல்லை, டைரோசினும் மிகக் குறைவு.

பாலிலும் செய்யலாம், நீர்க்க வையுங்கள். மறந்தும் சூடாக்காதீர்கள். பாலிலுள்ள லாக்டோஸ் காப்பரை ஒடுக்கி செங்கல் சிவப்பாக்கிவிடும், அது சர்க்கரைக்கான சோதனை. அம்மோனியம் உப்பு இருந்தாலும் கரு நீலம் வந்து குழப்பும்.

முடிந்ததும் கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் ஆய்வகத்தின் கழிவுப் புட்டியில் ஊற்றிவிடுங்கள்.