சாக்டா முன்னோரைத் தேடுவது எப்படி? டாவ்ஸ் பட்டியலும் அதில் வழுக்கும் இடங்களும்

"எங்க கொள்ளுப்பாட்டி சாக்டா" என்ற பேச்சு அமெரிக்கத் தெற்கில் பல குடும்பங்களில் உண்டு. சாக்டா என்பது அமெரிக்கப் பழங்குடி இனங்களில் ஒன்று. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நேரே டாவ்ஸ் பட்டியலில் (அமெரிக்க அரசு 1900-ஐ ஒட்டி எடுத்த பழங்குடியினர் பதிவு) பெயர் தேடினால், அதே பெயருள்ள வேறொரு வீட்டுப் பாட்டிதான் கிடைப்பார்.

1. உங்களிடமிருந்து தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போங்கள். பெற்றோர் பெயரோடு மாநில அரசு கொடுத்த பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும். குழந்தையின் கால்தடம் பதித்து மருத்துவமனை தரும் அழகுத் தாள் செல்லாது. சாக்டாக்களில் பெரும்பாலோர் குடியேற்றப்பட்ட ஓக்லஹோமா மாநிலமானதே 1907 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பிறப்புகளுக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுரிமை வழக்குக் கட்டு இவற்றைத் தேடுங்கள். 1900 வாக்கில் உயிரோடிருந்த முன்னோரின் பெயர், வயது, ஊர், உடன்பிறந்தவர்கள் எல்லாம் கைக்கு வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பழங்குடியினருக்கான தனிப் படிவத்தில் தந்தை எந்த இனம், தாய் எந்த இனம் என்று தனித்தனியே கேட்டிருக்கும்.

3. இப்போது டாவ்ஸ் பட்டியல். 1898-இல் மும்முரமாகத் தொடங்கிய பதிவு 1907 மார்ச் 4-இல் மூடப்பட்டது. ஓக்லஹோமா வரலாற்றுக் கழகத்தின் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இரண்டு எண்கள் வரும். அட்டை எண் குடும்பத்துக்கு. பட்டியல் எண் ஆளுக்கு. புதியவர்கள் பட்டியல் எண்ணை அட்டை எண்ணாக நினைத்து முன்பின் தெரியாத குடும்பத்தின் அட்டையை இறக்கிவிடுவார்கள். போதாக்குறைக்கு இரத்தவழி (சாக்டா வம்சத்தார்), பச்சிளங்குழந்தை, சாக்டாக்களிடமிருந்து விடுதலை பெற்ற அடிமைகள் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் எண் 1-இலிருந்து தொடங்கும். எண்ணோடு பிரிவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டைகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் எம்1186 தொகுப்பில் உள்ளன. விண்ணப்பக் கட்டுகள் எம்1301-இல். அட்டையில் பெயர், உறவு, வயது, பால், இரத்தப் பின்னம் (பழங்குடி இரத்தம் பாதியா, காலா என்ற கணக்கு). பெற்றோர் பெயரும் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் "இறந்தார்", "இன்ன எண் அட்டையில் மனைவி" போன்ற குறிப்புகள் கிடக்கும். அடுத்த தலைமுறைக்கான கதவு பல நேரம் அங்கேதான் திறக்கும்.

4. பெயர் சிக்கவில்லையா? சாக்டா ஆண் பெயர்களின் கடைசியில் வரும் 'அபி' (கொன்றவன்) என்ற ஒட்டு, எழுத்தரின் காதில் விழுந்தபடி அபி, உபீ, டபி என்றெல்லாம் மாறியிருக்கும். முதல் சில எழுத்துகளையும் வயதையும் வைத்துத் தேடுங்கள்.

5. அப்போதும் இல்லையென்றால் மிசிசிப்பிப் பக்கம் போங்கள். சாக்டாக்களை அங்கிருந்து மேற்கே அனுப்பிய 1830 ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவுப்படி அங்கேயே தங்க விரும்பிய குடும்பத் தலைவருக்கு 640 ஏக்கர் உண்டு. ஆனால் அமெரிக்க அரசின் முகவர் வில்லியம் வார்டு பலரைப் பதியவே இல்லை. பின்னாளில் அவர்களின் வாரிசுகள் போட்ட மனுக்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. தள்ளுபடியான கட்டுகளை விட்டுவிடாதீர்கள்: உரிமையை நிறுவுவதற்காகத் தாத்தா, பூட்டன் பெயர்களைச் சாட்சியமாகச் சொல்லியிருப்பார்கள்.

விடுதலை பெற்ற அடிமைகள் அட்டையில் இரத்தப் பின்னமே எழுதப்படவில்லை, தந்தை சாக்டாவாக இருந்தாலும்கூட. ஆகவே அங்கே பின்னம் இல்லாததை "சாக்டா இரத்தம் இல்லை" என்று படிக்கக் கூடாது.

6. பழங்குடிக் குடியுரிமை தனிக் கணக்கு. ஓக்லஹோமா சாக்டா நாட்டில் (அங்குள்ள பழங்குடி அரசு) குறைந்தபட்ச பின்னம் கிடையாது; ஆனால் இரத்தவழிப் பட்டியலில் உள்ளவருக்கு நேரடி வாரிசாக இருக்க வேண்டும். பூட்டனின் தம்பி பட்டியலில் இருந்தால் போதாது. மிசிசிப்பியில் உள்ள சாக்டா பழங்குடிக் குழுவோ பாதி இரத்தமாவது கேட்கிறது. டிஎன்ஏ பரிசோதனை எந்தப் பழங்குடி என்று சொல்லாது. அந்தக் காசுக்குச் சான்றிதழ் நகல்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.