உரைக்கோப்பில் தமிழ் இணையதளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் தமிழ் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கம் வாசகர் வட்டமோ நாடகக் குழுவோ இணையதளம் தொடங்கினால், மென்பொருள் வேலையில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் தலையில்தான் அது விழும். மாதம் நான்கு கட்டுரை போடும் தளத்துக்குத் தரவுத்தளமே (டேட்டாபேஸ்) வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கட்டுரைக்கு ஓர் உரைக்கோப்பு. ஹ்யூகோ, ஜெக்கில் போன்ற மென்பொருள்கள் அவற்றைப் பக்கங்களாக்கித் தந்துவிடும். பொறுப்பாளர் மாறினால் கோப்புறையைக் கைமாற்றினால் போதும். ஆனால் தரவுத்தளம் போட்டுவைத்த கட்டுப்பாடுகளை இனி நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். உள்ளே எவ்வளவு தமிழ் வேண்டுமானாலும் இருக்கட்டும். பெயர் மட்டும் ரோமன் எழுத்தில் இருக்கட்டும். எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யுனிகோடு முறையில் ‘பொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம்; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேர்க்கலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயரைப் பிரித்தே சேமிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுதான். தளம் இயங்கும் லினக்ஸ் சர்வருக்கோ இரு வேறு கோப்புகள். ‘பொங்கல்’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கும், இணைப்பு வேலை செய்யாது, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. நீளமும் தொல்லைதான். யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். லினக்ஸில் கோப்புப் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் எல்லை. ‘பொங்கல்’ என்ற ஒரு சொல்லே இணைய முகவரியில் சதவிகிதக் குறிகளாக விரிந்து குறைந்தது 63 எழுத்துகளாகிவிடும்.

ரோமன் பெயரிலும் எல்லாமே சிறிய எழுத்தாக இருக்கட்டும், இடைவெளி வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். வீட்டுக் கணினியில் தெரிந்த படம் சர்வரில் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது தேதி. தை முதல் நாள் காலை 5 மணிக்கு வாழ்த்து வெளிவர வேண்டும் என்று நேரத்தை எழுதிவிட்டு, நேர மண்டலத்தை விட்டுவிடுகிறோம். தனியாக அமைக்காதவரை ஹ்யூகோ அதை யுடிசி என்ற உலகப் பொது நேரமாகவே எடுத்துக்கொள்ளும். நம் கடிகாரத்தில் அது காலை 10.30. அதுவரை அந்தப் பக்கம் எதிர்காலத்துக்குரியது என்று ஒதுக்கிவைக்கப்படும். பிறகும் யாராவது தளத்தை மறுபடி உருவாக்கினால்தான் தோன்றும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதி, நேரத்தின் பின்னால் +05:30 சேருங்கள்.

கோப்பின் தலைப்பகுதி (தலைப்பு, தேதி போன்ற விவரங்களை எழுதும் இடம்) யாமல் என்ற வடிவில் இருந்தால், முக்காற்புள்ளி வரும் தலைப்பை மேற்கோள் குறிக்குள் அடையுங்கள். வரியை உள்ளே தள்ள டேப் விசையைப் பயன்படுத்தாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளை யுனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்த பிறகே சேருங்கள்.

கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள் கிட். படங்களைச் சுருக்காமல் அதன் களஞ்சியத்தில் கொட்டுவதும் தவறு. நீக்கிய படமும் பழைய பதிப்புகளில் அப்படியே கிடந்து எடையைக் கூட்டும். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்ஹப், 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வாங்கவே வாங்காது.

இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்யவே முடியாத தவறு ஒன்று உண்டு: நிகழ்ச்சிக்குப் பதிவு செய்பவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் உரைக்கோப்பில் எழுதி, அதைப் பொதுக் கோப்புறையிலேயே வைப்பது. முகவரியை ஊகிப்பவர் எவரும் அதைத் திறக்கலாம். ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டு இல்லாமல் இருவர் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் ஒருவரின் விவரம் அழிந்தும் போகலாம். இந்த வேலைக்கு மட்டும் தரவுத்தளமே சரி. எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும், அதுவும் ஒரே கோப்புதான். அதைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள், களஞ்சியத்தில் சேர்க்காதீர்கள். பட்டியல் ஏற்கெனவே வெளியே போயிருந்தால் கோப்பை அழிப்பது மட்டும் போதாது. கிட் வரலாற்றிலிருந்தும் அதை நீக்குங்கள்; எண் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொல்லுங்கள்.