சுக்கான் மண்ணில் வெளுத்த நிலக்கடலை

பல்லடம் பக்கம் எங்கள் மேட்டாங்காட்டில் நிலக்கடலை விதைத்து ஒரு மாதத்தில் குருத்து இலைகள் வெளுத்துவிட்டன. தழைச்சத்துக் குறை என்று யூரியா போட்டேன். பலனில்லை. இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள். தழைச்சத்துக் குறை முதலில் அடி இலையில் தெரியும். இரும்புக் குறை குருத்தில்.

முழ ஆழம் குழி வெட்டினேன். மேலே சாம்பல் கலந்த கருப்பில் களிமண் கலந்த வண்டல், ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் கட்டியாகும். கீழே மிளகு முதல் கொட்டைப்பாக்கு அளவு வரை வெள்ளைச் சுக்கான் கற்கள், அதாவது சுண்ணாம்புக் கற்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டதும் சோடாபோலப் பொங்கியது; சுண்ணாம்பு இருப்பதற்கு அதுவே அடையாளம்.

மழை குறைவு என்பதால் சுண்ணாம்பு முழுதாகக் கரைந்து வெளியேறாமல் அடியில் தங்கிவிடுகிறது. அந்த அடுக்கு 15 செ.மீ. கனமும் 15 சதவீதத்துக்குக் குறையாத கால்சியம் கார்பனேட்டும் கொண்டு, கீழடுக்கைவிடச் சுண்ணாம்பு செறிந்திருந்தால் அதைக் 'கால்சிக்' அடுக்கு என்பார்கள். கோவை வட்டாரத்தின் பெரியநாயக்கன்பாளையம் மண் தொடரும் இப்படிச் சுண்ணாம்பு கலந்த கரிசல்தான். மண் வகைப்பாட்டில், அடுக்குகள் இன்னும் முழுதாக வளராத 'இன்செப்டிசால்' வரிசையில் வருகிறது.

அன்னபேதி எனும் இரும்பு சல்பேட்டை மண்ணில் போட்டது அடுத்த தவறு. சுண்ணாம்பால் கார அமில நிலை (pH) 8-ஐத் தாண்டிய மண்ணில் இரும்பு உடனே கரையா வடிவமாகிவிடும். இலையில்தான் தெளிக்க வேண்டும்: 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். சாயங்காலம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தேன். புதுக் குருத்து பச்சையாகவே வந்தது!