யூஎக்ஸ் ரிசர்ச்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூஎக்ஸ் ரிசர்ச், அதாவது ஒரு செயலியையோ தளத்தையோ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் துறையில், ஆரம்பநிலை வேலைகளுக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களை (விண்ணப்பிப்பவர் செய்த ஆய்வுகளின் தொகுப்பு) பார்க்கும் பொறுப்பு கொஞ்ச காலமாக என் தலையில் விழுந்திருக்கிறது. பார்க்கப் பார்க்க, என் பழைய ஃபைல்களுக்கே யாரோ புதுப் பெயர் போட்டு அனுப்பியது போலிருக்கிறது. பதிலைத் திணிக்கும் கேள்வி கேட்காதே, ரெக்கார்ட் செய்யும் முன் அனுமதி வாங்கு என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## எந்த முடிவுக்காக என்று கேட்காமலே ஆய்வில் இறங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

"புதுப் பயனர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்களேன்" என்பார் புராடக்ட் மேனேஜர். அந்த ஒரு வரி போதும், புதிதாகச் சேர்ந்தவர் உற்சாகமாகக் கிளம்பிவிடுவார். ஆள் பிடித்து, நேர்காணல் நடத்தி, சொன்னதையெல்லாம் ஸ்டிக்கி நோட்டில் எழுதி வகை பிரித்து, பெரிய ஸ்லைடு தொகுப்போடு வந்து நிற்பார்.

அப்படியொரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் கடைசி ஸ்லைடு வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எல்லாம் சரி, ஃபோன் நம்பரை முதல் பக்கத்திலேயே கேட்கலாமா, அப்புறம் கேட்டுக்கொள்ளலாமா?" பதிவுப் படிவத்தில் மற்றதெல்லாம் ஏற்கெனவே முடிவாகி டெவலப்பர்கள் கைக்குப் போயிருந்தது. பாக்கி இருந்தது அது மட்டும்தான். நேர்காணல்களில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆய்வு செய்தவர் ஸ்லைடுகளை முன்னும் பின்னும் தள்ளித் தேடினார். கடைசியில் மேனேஜரே தனக்குத் தோன்றியதைச் சொல்ல, எல்லோரும் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தார்கள்.

ஆய்வு மோசம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. "ரொம்ப நல்ல வேலை" என்றுதான் சொன்னார்கள். ஆபத்தே அதில்தான். பாராட்டு கிடைப்பதால், தான் செய்ததில் ஏதோ குறை என்பதே செய்தவருக்கு உறைக்காது. அடுத்த ஆய்வும் அதே வழியில் போகும். 2022 கடைசியிலும் 2023இலும் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தபோது ஆய்வுக் குழுக்களும் அடி வாங்கின. கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்தது, வட்டி ஏறியது என்று காரணங்கள் பல. ஆனாலும் "இவர்கள் சொல்லி எது மாறியது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத குழுவுக்காகப் பரிந்து பேச யாரும் வரமாட்டார்கள்.

ஆய்வு தொடங்கும் முன்பே, வரக்கூடிய முடிவுகளைக் கற்பனையாக வைத்துக்கொண்டு மேனேஜரிடம் கேளுங்கள். "எட்டுப் பேரில் ஆறு பேர் நம்பர் கேட்கும் இடத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒருவர்கூட நிற்காவிட்டால்?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த ஆய்வு வேண்டாம். அப்புறம், எந்தத் தேதிக்குள் முடிவெடுக்கப் போகிறார் என்றும் கேட்டு வாங்குங்கள். முடிவெடுத்த மறுநாள் போய்ச் சேரும் அருமையான அறிக்கையை யாரும் திறப்பதில்லை. முந்தின நாள் கைக்குக் கிடைக்கும் ஒரு பக்கக் குறிப்பைப் படிப்பார்கள். இப்படியெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். பெரும்பாலும், தனக்கு என்னதான் தெரிய வேண்டும் என்பது அவருக்கே அப்போதுதான் பிடிபடும்.

போர்ட்ஃபோலியோவிலும் இதே நோய்தான். ஸ்டிக்கி நோட் ஒட்டிய சுவரின் படம், பெர்சோனா (மாதிரிப் பயனர் சித்திரம்), ஜர்னி மேப் (பயனர் கடந்து போகும் படிகளின் வரைபடம்) என்று செய்த முறைகளெல்லாம் வரிசையாக நிற்கும். எதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது, சர்வே போதாதென்று ஏன் நேர்காணலுக்குப் போனார், கடைசியில் எது மாறியது என்பதைத்தான் நான் தேடுகிறேன். எதுவுமே மாறவில்லையா? ஏன் மாறவில்லை என்று நேர்மையாக எழுதினால் அதையும் ஆர்வமாகப் படிப்பேன்.

## "ஐந்து பேர் போதும்"

பயனர் சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று சொல்வார்கள். எதற்குப் போதும்? பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பயனரைச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் வெளியே வரும். ஐந்து பேரென்றால் சுமார் 85 சதவீதம். பயன்பாட்டுக் குறைகளைத் தேடும் சோதனைக்கு, அதுவும் ஓரளவு ஒரே மாதிரியான பயனர்களுக்குப் பொருந்தும் கணக்கு இது. பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் குறை என்றால் ஐந்து பேரில் அது சிக்கும் வாய்ப்பு 41 சதவீதம்தான். பதினைந்து பேருக்கு வசதி இருந்தால் ஐந்தைந்தாக மூன்று சுற்று நடத்தி, நடுவே திருத்துங்கள் என்றுதான் நீல்சன் 2000இல் எழுதினார். "ஐந்தில் மூன்று பேருக்குப் பிடித்தது, ஆக 60 சதவீதம்" என்று ஸ்லைடில் போடுபவர்கள் தயவுசெய்து அவர் பெயரை இழுக்க வேண்டாம்.

## "இது வந்தால் பயன்படுத்துவீர்களா?"

புது வசதியைப் பற்றிப் பயனரிடம் இப்படிக் கேட்காதீர்கள். கடைசியாக அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்தார் என்று கேளுங்கள்.

## எஸ்யூஎஸ் மதிப்பெண்ணைச் சதவீதமாக வாசிப்பது

எஸ்யூஎஸ் (System Usability Scale) என்பது, ஒன்றைப் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனர்களிடமே கேட்டு மதிப்பிட ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம். மதிப்பெண் 0 முதல் 100 வரை போகும். சராசரி 68 பக்கத்தில். 70 வந்தால் நடுத்தரத்தைவிட ஒரு பொட்டு மேல், அவ்வளவுதான். 70 சதவீதம் பேருக்குப் பிடித்தது என்று அர்த்தமில்லை.

## டிசைனர் தானே டெஸ்ட் செய்தால் முறைத்துக்கொள்வது

வேண்டாம். அவருடைய கேள்விகளைச் சரிபார்த்துக் கொடுங்கள்.

## ஏஐ சுருக்கத்தை மட்டும் படிப்பது

பேச்சை எழுத்தாக்க ஏஐ வந்தது பெரிய நிம்மதி. அந்த வேலையை மறுபடி கையால் செய்ய எனக்கு ஆசையில்லை. ஆனால் எழுத்தில் வருவது வாய் சொன்னது மட்டும். ஒரு டெஸ்ட்டில் ஒருவர் "ஈஸியாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போகும் பட்டனைத் திரும்பத் திரும்பத் தேடினார். விரல் திரையின் மேல் மூலைக்குப் போகும், நிற்கும், கீழே வரும். சுருக்கத்தில் வந்தது: "பயனர் செயலியை எளிதாக உணர்ந்தார்." அதை அப்படியே அறிக்கையில் ஒட்டியிருந்தார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

செயற்கைப் பயனர்கள் என்று ஏஐயிடமே நேர்காணல் எடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. கேள்வித்தாளை ஒத்திகை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அது சொன்னதை "பயனர்கள் சொன்னார்கள்" என்று போர்ட்ஃபோலியோவில் எழுதியிருந்தால், நான் அடுத்தவருடையதைத் திறந்துவிடுவேன்.