பணம் போன பிறகு வங்கிக் கவுண்டரில் நாம் செய்யும் தவறுகள்

என் மச்சான் தங்கச்சிமடத்தில் இருக்கிறார். ராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒரு சனிக்கிழமை காலை மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனார். போனை எப்போதும்போல பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்திருந்தார். ஞாயிறு விடியற்காலை கரையை நெருங்கி சிக்னல் எட்டியதும் மெசேஜ்கள் மளமளவென்று விழுந்தன. 9,500. 5,000. 4,000. முதல் நாள் இரவு, பன்னிரண்டு நிமிடத்துக்குள் 18,500 ரூபாய் கணக்கை விட்டுப் போயிருந்தது. அந்த நேரத்தில் அவர் நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வங்கி இல்லை. திங்கள் மறுபடி டோக்கன் நாள். ஒரு ஆள் குறைந்தால் படகில் மற்றவர்கள் பிழைப்பும் கெடுமே என்று கிளம்பிவிட்டார். செவ்வாய் காலை கரைக்கு வந்ததும் குளித்துவிட்டு நேரே வங்கிக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, “ஓடிபி யாருட்ட சொன்ன?” அடுத்தது, “சனிக்கிழமை போன காசுக்கு இன்னைக்கு வந்து நிக்கிற?” மச்சான், “தப்புதான் சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். ஒரு வரி எழுதிக்கூடக் கொடுக்கவில்லை.

அந்தத் “தப்புதான் சார்” என்னைத் தூங்கவிடவில்லை. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. தாமதமாகவும் போகவில்லை. பணம் திருடுபோவது நம் கையில் இல்லாமல் போகலாம். அதற்குப் பிறகு வங்கியில் போய் நம்மை நாமே குற்றவாளி ஆக்கிக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் நான் அதிகம் பார்க்கும் தவறு அதுதான்.

நாள் கணக்கு தெரியாமல் திரும்பிவிடுவது

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் நஷ்டத்தை யார் சுமப்பது என்பதை அது சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே மாதிரி உத்தரவு போனது. 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளைத் தொகுத்தபோது இந்த விதிகளும் அந்தத் தொகுப்புக்குள் போய்விட்டன.

தப்பு வங்கியின் பக்கம் என்றால், நீங்கள் புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நஷ்டம் முழுவதும் வங்கிக்குத்தான். தப்பு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாயும் நஷ்டமில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், பரிவர்த்தனை ஒன்றுக்கு ஓர் உச்சவரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும்: இருப்பே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 ரூபாய். ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை எப்படியோ அப்படி.

இங்கே இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. எண்ணுவது வேலை நாட்களை மட்டும்தான், அதுவும் உங்கள் கிளையின் வேலை நாட்களை. மச்சானுக்கு மெசேஜ் கிடைத்தது ஞாயிறு. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. மெசேஜ் சனிக்கிழமை இரவே அனுப்பிவிட்டோம் என்று வங்கி வாதாடினாலும் கணக்கு அதேதான். அவர் கவுண்டரில் தலை குனிந்து நின்றது இரண்டாவது நாள்.

கிளை திறக்கட்டும் என்று காத்திருப்பது

உரிமைக்கு நாள் கணக்கு, திருடனுக்கு நிமிடக் கணக்கு. போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வருவதற்குள் மறிக்க வேண்டும். அதற்குத்தான் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண். எந்த நேரமும் அழைக்கலாம். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்க அங்கிருந்து தகவல் போகும். ஞாயிறு காலை படகுத்துறையில் நின்றபடியே மச்சான் இதைச் செய்திருக்கலாம்.

ஆனால் 1930-க்குச் சொன்னதோடு வங்கிக்கும் சொன்னதாக ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் நாள் கணக்கு நீங்கள் வங்கிக்குச் சொல்வதை வைத்துத்தான். புகாரை 24 மணி நேரமும் வாங்கிக்கொள்ள வங்கிகள் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், உடனே புகார் எண்ணும் தர வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. ஏடிஎம் கார்டின் பின்புறம் எண் இருக்கும். அதை இன்றைக்கே பாஸ்புக் அட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள். பதற்றத்தில் கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் கஸ்டமர் கேர் நம்பருக்குப் போன் போட்டு, இரண்டாவது தடவையும் பணத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். “போன பணத்தை மீட்டுத் தர்றோம், சின்னதா ஒரு கட்டணம் கட்டுங்க” என்று யார் அழைத்தாலும் அவர்களும் அதே கூட்டம்தான்.

மெசேஜ் வேறு யாருக்கோ போகிறது

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இதை அடிக்கடி பார்க்கலாம். கணக்கு மனைவி பெயரில், நம்பர் துபாயில் இருக்கும் கணவருடையது. அவர் வேலை முடிந்து அறைக்கு வந்து போனைப் பார்த்து ஊருக்குச் சொல்வதற்குள் நாட்கள் ஓடிவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் வேறொரு சிக்கல். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் வருமானம் இருக்காது என்பதால் பலர் ரீசார்ஜ் செய்வதை விட்டுவிடுகிறார்கள். நீண்ட நாள் உயிரில்லாமல் கிடக்கும் நம்பரை கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். உங்கள் வங்கி மெசேஜ் முன்பின் தெரியாத ஒருவரின் போனில் விழும். கணக்கு யாருடையதோ அவர் கையில் இருக்கும் நம்பர்தான் வங்கியில் இருக்க வேண்டும்.

கைரேகையை இரண்டாம் தடவை வைப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் ஏமாறுகிறவர்கள் ஏடிஎம் பக்கமே போகாத பெண்கள்.

தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர். பாறையிலும் உப்புத் தண்ணீரிலும் வேலை செய்து விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ஊர்க் கடையில் கைரேகை மிஷினில் 3,000 ரூபாய் எடுக்க விரலை வைக்கிறார். “பதியலக்கா, துடைச்சிட்டு மறுபடி வைங்க.” வைக்கிறார். கடைக்காரர் 3,000 ரூபாயை எண்ணிக் கொடுக்கிறார். ரசீது தரவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து பாஸ்புக் பதிந்தால் ஒரே நாளில், மூன்று நிமிட இடைவெளியில், இரண்டு 3,000. முதல் விரலும் பதிந்திருக்கிறது.

ஆதார் வழியாகப் பணம் எடுக்க ஓடிபி கிடையாது, விரல்தான் சாவி. எல்லாக் கடைக்காரர்களும் இப்படி என்று சொல்லவே மாட்டேன். கிளை இல்லாத ஊர்களில் அவர்கள்தான் நமக்கு வங்கி. ஆனால் மிஷின் “தோல்வி” என்று சொன்னால் அந்தச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். உண்மையிலேயே தோல்வியாகி, கணக்கில் மட்டும் பணம் கழிந்திருந்தால் அது 5 நாளில் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. ஏடிஎம்மில் நோட்டு வராமல் கணக்கில் கழிந்தாலும் இதே விதிதான்.

திருட்டு என்று தெரிந்தால் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். உங்கள் கணக்கு இருக்கும் வங்கியில் புகார் கொடுங்கள். தன் பெயரில் வேலை செய்யும் முகவர்களின் செயலுக்கு வங்கியே பொறுப்பு. ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். ஆனால் ரேஷன் கடையிலும் விரல் வைக்க வேண்டியிருப்பதால், போகும் நாளில் திறந்துகொள்ள வேண்டும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறும் சமயத்தில் இந்தப் பூட்டு ரொம்ப முக்கியம்.

வாயால் சொல்லிவிட்டு வருவது, அவர்கள் சொல்வதை எழுதிக் கொடுப்பது

மேனேஜரிடம் சொல்லியாச்சு, பார்க்கிறேன் என்றார். இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து அந்த மேனேஜர் மாறுதலாகிப் போயிருப்பார். புதியவர், “எப்ப புகார் கொடுத்தீங்க?” என்பார். கையில் எதுவும் இருக்காது. எழுதியே கொடுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எஃப்.ஐ.ஆர் கொண்டு வந்தால்தான் புகாரை வாங்குவோம் என்று சொன்னால், அந்தச் சுற்றறிக்கையில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

இதைவிட ஆபத்தானது, “என் அஜாக்கிரதையால் பணம் போய்விட்டது என்று எழுதிக் கொடுங்க” என்று கவுண்டரில் சொல்வதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுவது. எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ஆனால் நஷ்டம் முழுவதையும் நீங்களே ஏற்றுக்கொண்டதாகிவிடும். அஜாக்கிரதையா இல்லையா என்பதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சுமையை நீங்கள் வாங்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மச்சானுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

“என் சேமிப்புக் கணக்கிலிருந்து சனிக்கிழமை இரவு 11.40 முதல் 11.52 மணிக்குள் 9,500, 5,000, 4,000 ரூபாய் என மூன்று முறை பணம் எடுக்கப்பட்டுள்ளது. இவற்றை நான் செய்யவில்லை. யாரையும் செய்யச் சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் நான் கடலில் இருந்தேன். மீன்பிடி அனுமதி டோக்கன் நகல் இணைத்துள்ளேன். தங்கள் குறுஞ்செய்தி ஞாயிறு காலை 5.20 மணிக்குத்தான் எனக்குக் கிடைத்தது. என் கணக்கில் கார்டு, ஆன்லைன், ஆதார் வழிப் பரிவர்த்தனைகளை உடனே நிறுத்தவும். ரிசர்வ் வங்கியின் 6.7.2017 சுற்றறிக்கைப்படி தொகையை 10 வேலை நாட்களுக்குள் வரவு வைக்கவும். புகார் எண்ணும் ஒப்புகையும் வேண்டும்.”

அந்த டோக்கன் பெரிய ஆதாரம். சிக்னலே இல்லாத இடத்தில் இருந்தவர் ஓடிபியை யாருக்குச் சொல்லியிருக்க முடியும்? மெசேஜ், கால் லிஸ்ட், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் போனையே ரீசெட் செய்து, இருந்த ஆதாரத்தையும் கரைத்தவர்கள் உண்டு.

உண்மையிலேயே ஓடிபி சொல்லிவிட்டீர்களா? மறைக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு எழுதுங்கள். அதுவரை போனது உங்கள் நஷ்டமாக ஆகலாம். ஆனால் நீங்கள் வங்கிக்குச் சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் நஷ்டம். அதனால்தான் வெட்கப்பட்டு ஒளித்து வைப்பதைவிட உடனே சொல்வது லாபம்.

முதல் மறுப்போடு நின்றுவிடுவது

புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். தற்காலிகம் என்பதால் முடிவு வரும்வரை அந்தப் பணத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சண்டிகரில் இருக்கும் அவர்களுடைய மையத்துக்குத் தபாலில் எந்த மொழியிலும் எழுதலாம். தமிழ்க் கடிதமும் செல்லும். விவரம் கேட்க 14448. வங்கியில் முதலில் புகார் கொடுக்காமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீல் வைத்த நகல் அங்கேதான் பேசும். நுகர்வோர் ஆணையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. ஒரே விஷயத்துக்கு இரண்டு வாசலையும் ஒரே நேரத்தில் தட்டக் கூடாது.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. அசாமில் ஒரு வாடிக்கையாளருக்கு, ஆன்லைனில் வாங்கிய துணியைத் திருப்பித் தரப் போய், கஸ்டமர் கேர் என்று பேசியவனால் 94,204 ரூபாய் போனது. அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொல்லியிருந்தார். உன் அஜாக்கிரதை என்றது வங்கி. கவுகாத்தி உயர் நீதிமன்றம் வங்கிதான் தர வேண்டும் என்றது, உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கும் அறிவுரை சொன்னது.

கருவாடு, மீன் வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியூர் ஆள் அனுப்பிய பணம் யாரோ ஒருவரிடம் திருடியது என்று வேறு மாநிலத்தில் புகார் வந்தால், உங்கள் கணக்கு முடங்கலாம். பதறிப்போய் “ஃப்ரீஸை எடுத்துத் தருகிறேன்” என்பவனிடம் போகாதீர்கள். எந்த ஊர் போலீஸ், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியில் எழுதிக் கேளுங்கள். சரக்கு அனுப்பிய பில்லைக் காட்டி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றதைத் திறக்கச் சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் ஒரு வழக்கில் அப்படித்தான் உத்தரவிட்டது.

புதன்கிழமை மச்சானோடு நானும் போனேன். அதே கவுண்டர், அதே ஆள். மனுவை நீட்டினோம். படித்தார், சுற்றறிக்கைத் தேதியில் ஒரு நிமிடம் நின்றார், பிறகு “உட்காருங்க” என்றார். சீலும் புகார் எண்ணும் கிடைத்தன. ஒன்பதாவது வேலை நாளில் 18,500 வரவு ஆனது. விசாரணை முடிந்து, அது இனி உங்கள் பணம்தான் என்று கடிதம் வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. அந்த நகலை மச்சான் பாஸ்புக்குக்குள் மடித்து வைத்திருக்கிறார். போன மாதம் பாம்பனில் அவருடைய கூட்டாளி ஒருவருக்கு 6,000 ரூபாய் போனபோது, அதையே பக்கத்தில் வைத்துப் பார்த்து மச்சானே தன் கையால் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்.